முப்பத்து மூன்று டிகிரி மீன்

— முப்பத்தி மூணு டிகிரி, பெரியத்தான். ஒரு மீனோட உடம்பு முப்பத்தி மூணு டிகிரியில இருக்குமா?

— அடுப்புல ஏத்துனா இருக்கும். என்னத்தக் கேக்குற, யூ-ரி அம்மா? ஜனவரியில கடல் ஒம்பது டிகிரி. அதுல கிடக்கிற டேகு மீனுக்குச் சூடு எங்கேர்ந்து வரும்?

— அதையேதான் ஆராய்ச்சிக்காரப் பொண்ணு பியோனும் கேட்டா. "அக்கா, ஒண்ணு மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கணும், இல்லாட்டி இந்த டேகுக்குக் காய்ச்சல் அடிச்சிருக்கணும்"னு சிரிச்சா. கொடியில மூணாவதா தொங்குதே, அந்த மீனை இறக்குங்க. வாலைப் பிடிச்சு இழுக்காதீங்க. பிஞ்சா நாளைக்குப் படையல்ல வைக்க முடியாது.

— நல்லா காஞ்சிருக்கு தாயி. டிசம்பர் மீனா?

— பின்னே, ஜனவரி தடை மாசத்து மீனா? செத்து ஒரு வருசம் ஆகப்போகுது. இன்னமும் உங்க தம்பிக்குக் கள்ள மீனையே ஊட்டணுமா?

— மெதுவாப் பேசு. ரெண்டு மணிக் கூட்டத்துக்கு ஊரே இறங்கிப் போய்க்கிட்டிருக்கு.

— போகட்டும். ஒருத்தர் விடாமப் போகட்டும். நீங்க உட்காருங்க. அந்தப் பலகையில இல்ல, அது ஈரம். இங்க, எனக்கு எதிர்ல.

— கூட்டத்துல நம்ம மனு ஜெயிச்சுரும்ல? தடையை ஜனவரி பதினாறுலேர்ந்து வைங்கன்னுதானே கேக்குறோம். டேகுக்கு விலை இருக்கிறதே வருசம் பிறந்த முதல் ரெண்டு வாரந்தான்.

— ஜெயிக்கும். நாப்பது மீனுக்குள்ள பியோன் வச்சுத் தச்ச குப்பியில ஆறு திரும்பக் கிடைச்சிருக்காம். அந்த ஆறு மீனோட பாதையையும் சுவத்துல படமாப் போட்டுக் காட்டப் போறா. எது எந்தத் தேதியில வளைகுடாவுக்குள்ள வந்துச்சு, எது எந்த ஆழத்துல கிடந்து முட்டை போட்டுச்சுன்னு. மீனே வந்து சாட்சி சொன்னா அதிகாரிங்க என்னத்த மறுத்துப் பேச முடியும்? அதுல ஆறாவது மீன்தான் இந்தத் தொள்ளாயிரத்துப் பதினேழாம் நம்பர்.

— முப்பத்தி மூணு டிகிரி மீனு.

— அதேதான். நீங்க பார்த்த மீன்தான். அவங்க வயித்தைக் கீறிக் குப்பி வச்ச அன்னைக்கு, உங்க படகுல... என் படகுல... நீங்கதானே அவங்களைக் கூட்டிட்டுப் போனீங்க?

— மறக்குமா? பிரசவம் பார்த்த மாதிரி அம்புட்டு அழகாத் தையல் போட்டா அந்தப் பொண்ணு. தம்பி டே-சிக் பக்கத்துல குந்திக்கிட்டு, "டாக்டரம்மா, எனக்கும் பின்பக்கம் ஒரு கோளாறு இருக்கு, பாக்குறீங்களா"ன்னான். அந்தப் பொண்ணு ஊசியைக் கீழ போட்டுட்டுச் சிரிக்குது. அவன் இருந்தா படகுல குளிரே தெரியாது தாயி.

— குளிரே தெரியாது.

— ...நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— நானும் ஒரு பேச்சுக்குத்தான் திருப்பிச் சொன்னேன். இந்தத் துணியைப் பிடிங்க. மீன்ல உப்பு பூத்திருக்கு, தொடைங்க. தலைப்பக்கத்துலேர்ந்து. ஆங். அந்தக் குப்பி என்ன செய்யும்னு தெரியுமா உங்களுக்கு?

— மீன் எங்க போகுதுன்னு எழுதும்.

— எங்கன்னு எழுதாது. நிமிசத்துக்கு ஒருதரம் ரெண்டே ரெண்டு சங்கதி எழுதும். எவ்வளவு ஆழத்துல இருக்கேன். எவ்வளவு குளிர்ல இருக்கேன். அம்புட்டுத்தான். அதை வச்சு அது போன பாதையைப் பியோன் கணக்குப் போடுவா. திருப்பிக் கொண்டு போய்க் குடுத்தாத்தான் அதைப் படிக்க முடியும்.

— குடுத்தா ஒரு தொப்பி தருவாங்க.

— நீலத் தொப்பி. மீன் படம் போட்டது.

— அந்தத் தொப்பிக்கு டே-சிக் தவங்கிடந்தானே. மீனவர் சங்கத் தலைவர் தலையில பார்த்துட்டு வந்து, "அவனோட வழுக்கைக்கு அது ஒரு கேடா"ன்னு ரெண்டு நாள் பொருமுனான்.

— அதனாலதான் எடுத்துப் பத்திரமா வச்சிருக்கார். போன வருசம் ஜனவரி பதினெட்டு, காலையில.

— என்னத்தை?

— குப்பியை. இந்தா, பாருங்க. கையில வாங்கிப் பாருங்க பெரியத்தான், கடிக்காது.

— இது... இது உன்கிட்ட எப்படி?

— கடல் போலீஸ் குடுத்த பை. சிப்பிப் பண்ணைக் கயித்துல இருபத்தி மூணு நாள் மாட்டிக் கிடந்தவர் மேலேர்ந்து கழட்டுன துணி. பதினோரு மாசமா அதைப் பிரிக்க எனக்குத் தெம்பு இல்ல. நாளைக்குத் திதி, துணியை எரிக்கணும்னு பத்து நாளைக்கு முந்தி எடுத்தேன். தெர்மல் பனியன்ல உள்பக்கமா ஒரு பை இருக்கும். நெஞ்சுவலி மாத்திரைக்குன்னு நான் தச்சுக் குடுத்தது. மாத்திரை கரைஞ்சு போச்சு. இது இருந்துச்சு.

— அந்த... அந்த டேகு முதல் வலையிலயே வந்துச்சு தாயி. ஆண் மீன். எட்டு கிலோ தேறும். "யூ-ரி அம்மாகிட்ட இதுல சூப்பு வைக்கச் சொல்லணும்"னு அங்கனயே கீறுனான். கீறுனா குப்பி. தடை மாசம் முடிஞ்சதும் கொண்டு போய், டிசம்பர்ல பிடிச்சதுன்னு சொல்லி தொப்பி வாங்கிரலாம்னான். நான்கூட வேணாம்னேன்.

— ஏன் வேணாம்னீங்க?

— மாட்டிக்கிருவோம்னு. அதுக்கு அவன், "மீனே செத்துப் போச்சு, இனிமே அது எதைண்ணே எழுதும்"னான். நாங்க அப்படித்தான் நெனச்சோம். மீன் செத்தா அதுவும் செத்துரும்னு.

— அது சாகல. இன்னமும் எழுதிக்கிட்டுத்தான் இருந்துச்சு. காகிதத்தைப் படிக்கட்டுமா?

— அந்தப் பொண்ணுக்கு எல்லாம் தெரியுமா?

— யார் வச்சிருந்ததுன்னு நான் சொல்லல. கண்டெடுத்தேன்னு மட்டும் சொன்னேன். அவ சந்தோசத்துல குதிக்கிறா. "அக்கா, இது வடக்க ஐநூறு கிலோமீட்டர் போயிட்டு, பிடிச்ச அதே தண்ணிக்கே இணை சேரத் திரும்பி வந்திருக்கு"ன்னு. கடைசிப் பக்கந்தான் அவளுக்குப் பிடிபடல. அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் நான் வாங்கிட்டு வந்தேன்.

— மெஷின் தாயி. கடிகாரம் முன்னப்பின்ன ஓடும்.

— அப்படிச் சொல்லுவீங்கன்னு தெரியும். நானும் பார்த்தேன். பை நவம்பர் வரைக்கும் கொட்டகையில கிடந்துச்சா? மழை நாளு, பனி நாளு எல்லாம் இதுல இருக்கு. யூ-ரி பூசான்ல கடைசிப் பரீட்சை எழுதப் போன நவம்பர் பதிமூணு, எலி கடிச்சிருமேன்னு பையைச் சமையக்கட்டுக்கு மாத்துனேன். சாயங்காலம் நாலு மணி. இதுல நாலு மணி மூணு நிமிசத்துக்கு ரெண்டு டிகிரியிலேர்ந்து பத்தொம்பதுக்கு ஏறியிருக்கு. கடிகாரம் நம்ம சங்கத்துக் கடிகாரத்தைவிட ஒழுங்காத்தான் ஓடுது.

— மீனைத் தொடைச்சாச்சு தாயி.

— தொட்டியில கையை வைங்க.

— எதுக்கு?

— கடல் தண்ணி. இப்பத்தான் படகுத்துறையிலேர்ந்து மொண்டு வந்தேன். பனிக்கட்டி போட்டு ஒம்பது டிகிரியில வச்சிருக்கேன். நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் கை உள்ளயே இருக்கணும்.

— இது என்ன விளையாட்டு, யூ-ரி அம்மா?

— வைங்க.

— ...ஸ்ஸ்.

— மணிக்கட்டு வரைக்கும். ஆங். ஜனவரி பதினெட்டு, காலை அஞ்சு அம்பத்தி ரெண்டு. முப்பத்தி எட்டு மீட்டர் ஆழத்துலேர்ந்து மீன் மேல வருது. படகுல கிடக்கு. ஆறு பத்து. குப்பிக்குச் சூடு ஏறுது. பதினாறு, இருபத்தி நாலு, முப்பத்தி மூணு. பையில போட்டுக்கிட்டார். என் வீட்டுக்காரர் நெஞ்சு முப்பத்தி மூணு டிகிரி.

— போதும் தாயி.

— ஆறு முப்பத்தி ஒண்ணு. ஒரே நிமிசத்துல முப்பத்தி மூணு இருபத்தி ஆறாகுது. ஆழம் ரெண்டு மீட்டர். அப்புறம் அரை மீட்டர். அப்புறம் பூஜ்யம். நீங்க என்கிட்டயும் போலீஸ்கிட்டயும் எத்தனை மணிக்கு விழுந்தார்னு சொன்னீங்க?

— ஒம்பதரைக்கு.

— "கல்லு மாதிரி உள்ள போயிட்டான், கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள"ன்னீங்க. இழவு வீட்டுல என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னீங்க. "அவன் ஒரு நிமிசங்கூடக் கஷ்டப்படல தாயி"ன்னு. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஒரு வருசமா நான் தூங்குனேன்.

— அலை அடிச்சிருக்கும். மேல தண்ணி பட்டு நனைஞ்சிருப்பான், அதைப் போய்...

— அலை அடிச்சா ரெண்டு மீட்டர் ஆழம் காட்டுமா? கையை எடுக்காதீங்க!

— விரலு மரத்துப் போச்சு.

— இன்னும் மூணு நிமிசங்கூட ஆகல. ஆறு நாப்பது, ஆழம் பூஜ்யம், இருபத்தி மூணு டிகிரி. ஏழு மணி, பூஜ்யம், இருபத்தி ஒண்ணு. ஏழரை, பூஜ்யம், இருபது. தண்ணி ஒம்பது டிகிரி, பெரியத்தான். நெஞ்சு இருபது. ஏன் இருபது, தெரியுமா? நடுங்கிக்கிட்டு இருந்தா உடம்பு சூடு விடும். அந்தப் பொண்ணு தெரியாமலே சொல்லிச்சு: "அக்கா, ஏதோ ஒரு உயிரு இதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்த மாதிரி இருக்கு."

— கடவுளே.

— எட்டு மணி, பதினெட்டு. எட்டரை, பதினஞ்சு. எட்டு அம்பது, பன்னெண்டு. ஒம்பது பதினொண்ணு, பத்து. ஒம்பது பன்னெண்டுக்கு ஆழம் ஆறு மீட்டர். ஒம்பது பதிமூணுக்கு முப்பத்தி நாலு. நூத்தி அறுபது நிமிசம். எடுத்துக்கோங்க கையை. உங்களால ஆறு நிமிசம் முடியல.

— துணி ஒண்ணு குடு.

— மீன் தொடைச்ச துணியிலயே தொடைங்க.

— ...நீ கேக்கணும்னு நெனச்சதை நேராவே கேளு.

— முதல்ல நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அன்னைக்கு ஆறரைக்குத் தண்ணியில விழுந்தது நம்ம படகுல கூலிக்கு இருந்த வியட்நாம் பையன் துவான்தானே. நீங்க எனக்குப் போன் பண்ணிச் சொன்னீங்களே. அப்புறம் அவனைத் தூக்கிட்டோம்னீங்க. சரி, குப்பியை உங்க தம்பி அவன்கிட்டக் குடுத்து வச்சிருந்தாரோ, அவனோட விழுந்துச்சோன்னு நெனச்சேன். மனசு எப்படியெல்லாம் வழி தேடுது பாருங்க. ஆனா அந்தப் பை நான் தச்ச பை. என் தையலு.

— தாயி, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. இந்த ஒரு மீனை மட்டும் சுவத்துல போட வேணாம்னு. அஞ்சு மீன் போதும். மனு ஜெயிக்க அஞ்சு போதும்.

— ஏன்? உங்க மானம் போயிருமா?

— என் மானத்துல என்ன இருக்கு? அது எப்பவோ போச்சு.

— ஆமா, முந்துன வருசமே போச்சு. பாறையில மாட்டுன வலையைக் கேக்காமக் கொள்ளாம அறுத்துட்டு வந்தீங்களே, அன்னைக்கு.

— அதை இன்னும் நீ மறக்கல.

— முப்பது பாகம் புது வலை. என் அப்பா விட்டுட்டுப் போன படகு, நான் வாங்குன வலை. படகுத்துறையில வச்சு நாலு வார்த்தை கேட்டேன். தப்பா?

— கேட்டே. என் தலையிலேர்ந்து தொப்பியைத் தட்டி விட்டுக் கேட்டே. ஊரு பார்த்துச்சு. "இனிமே ஒரு முடிச்சை அவுக்கணும்னாலும் என்னைக் கேட்டுட்டு அவு"ன்னே. அம்பத்தெட்டு வயசு எனக்கு.

— பேச்சை மாத்தாதீங்க. துவானைத் தேடிப் பிடிச்சுட்டேன்.

— துவானையா? அவன் ஊருக்குப் போயிட்டானே!

— ஊருக்கு அனுப்புனதே நான்தானே. தடை மாசத்துல வலை விட்டதை உளறிருவான்னு. அவனோட மாமா பொண்ணு பூசான்ல மீன் ஆலையில வேலை பாக்குது. அது மூலமா நம்பர் வாங்குனேன். "நீ தண்ணியில விழுந்தியா"ன்னு கேட்டேன். "இல்லம்மா, நான் வலை இழுக்கிற மெஷின்கிட்டதான் நின்னேன்"னான். அழுதான். "நீங்க கேப்பீங்கன்னு ஒரு வருசமாக் காத்துக்கிட்டிருந்தேன்"னான். இன்னைக்குக் கூட்டத்துல வீடியோவுல வந்து, நடந்ததை ஒண்ணு விடாமச் சொல்றேன்னான்.

— ஒண்ணு விடாமயா?

— ஏன் முகம் வெளுக்குது?

— யூ-ரி அம்மா, நான் சொல்றதைக் கேளு. என்னைப் போலீஸ்ல குடு. நானே நடந்து போறேன். கூட்டத்துல வேணாம். துவான் பேச வேணாம்.

— மூணு மணிக்குக் கடல் போலீஸும் வருது. நீங்க நடக்க வேணாம், வண்டியிலயே போகலாம். தடை மாசத்துல படகை அனுப்புனது நான்தான்னும் சொல்லப் போறேன். உரிமம் போகட்டும். படகு போகட்டும். நான் எதையும் மறைக்கல. மறைக்கிறது நீங்க. இந்தக் காகிதத்தை மைக் முன்னாடி யார் படிக்கப் போறாங்க தெரியுமா?

— யாரு?

— யூ-ரி.

— அடிப்பாவி! அது பச்சப்பிள்ளை!

— இருபத்திரண்டு வயசு. அவ அப்பா எத்தனை நிமிசம் நடுங்குனார்னு அவ வாயால அவ பெரியப்பாவுக்குப் படிச்சுக் காட்டணும். ஒண்ணரை மணி பஸ்ஸுல வர்றா. நேரா இங்க வந்து காகிதத்தை வாங்கிட்டுப் போவா.

— வேணாம் தாயி. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். யூ-ரி அங்க இருக்க வேணாம்.

— அப்போ இங்கயே சொல்லு. எனக்கு மட்டும் சொல்லு. என்ன நடந்துச்சு?

— ...முதல் வலை ஏறிடுச்சு. ரெண்டாவது வலை பாதி மெஷின்ல, பாதி தண்ணியில. நல்ல இருட்டு. டே-சிக் ஓரத்துல நின்னு மீனைக் கழட்டிக்கிட்டிருந்தான். வழவழன்னு தளமெல்லாம் மீனு. காலு வழுக்குச்சு. "அண்ணே"ன்னு ஒரு சத்தந்தான். எட்டிப் பார்த்தா, ஆளு பத்தடி தள்ளிப் போயிட்டான். நீரோட்டம் இழுக்குது.

— மிதவை அங்கி?

— மீன் கழட்ட இடைஞ்சலா இருக்குன்னு அவுத்து வச்சிருந்தான். நான் முதல் வலையிலேர்ந்து அவுத்து வச்சிருந்த கொடி மிதவையைத் தூக்கிப் போட்டேன். பிடிச்சுக்கிட்டான். பிடிச்சுக்கிட்டு, "தண்ணி சுகமா இருக்குண்ணே, நீயும் வர்றியா"ன்னான். பல்லு தந்தியடிக்குது, அந்நேரமும் வாயைப் பாரு.

— அப்புறம் ஏன் தூக்கலை?

— எப்படித் தூக்க? படகு வலையோட கிடக்கு, முளையில கட்டுன மாடு மாதிரி. அவன்கிட்டப் போகணும்னா வலையை அறுத்து விடணும். அறுத்தா அது கடல்ல போகும். ஒவ்வொரு பாகத்துலயும் உன் படகு பேரு போட்ட தகடு. தடை மாசத்துல அது எவன் கையிலயாவது கிடைச்சா...

— அறுக்க வேண்டியதுதானே!

— அறுத்திருக்கணும்.

— உன் தம்பி! உன்கூடப் பிறந்த ரத்தம்! கத்தி உன் இடுப்புலதானே இருந்துச்சு?

— கையில எடுத்துட்டேன். கயித்துல வச்சுட்டேன்.

— வச்சுட்டு?

— வலையை இழுத்து முடிக்க முக்கா மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள அவனைக் காணோம். விடிஞ்சும் பனி விலகல. "டே-சிக், டே-சிக்"னு தொண்டை கிழியக் கத்துனோம், நானும் துவானும். ரேடியோவுல கூப்பிட முடியல, தளம் நெறைய டேகு. ஒம்பதேகாலுக்கு மிதவை கிடைச்சுது. கயித்துல அவனோட ஒத்தக் கையுறை மட்டும் மாட்டிக்கிட்டிருந்துச்சு.

— ஒம்பது பன்னெண்டுக்குத்தான் உள்ள போயிருக்கார்.

— நீ படிக்கையில கேட்டேன். மூணு நிமிசம்.

— மூணு நிமிசம். அப்புறம்? போலீஸைக் கூப்பிட்டது ஒம்பது முப்பத்தி நாலு.

— மீனைக் கடல்ல கொட்டுனோம். அதுக்கு அம்புட்டு நேரம்.

— தூ! நீயெல்லாம் ஒரு மனுசன். உங்க அம்மா உன்னைப் பெத்த அன்னைக்கே கடல்ல விட்டிருக்கலாம். நான் அந்த நேரம் எங்க இருந்தேன் தெரியுமா? உன் போனை வச்சுட்டு நேரா ஊர்க் குளியல் வீட்டுக்குப் போனேன். நாப்பது டிகிரித் தண்ணியில கழுத்தளவு உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரிக்கு முதுகு தேய்ச்சு விட்டுக்கிட்டிருந்தேன். அவர் அங்க ஒம்பது டிகிரியில. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

— நாலு தடவை திரும்ப அடிச்சேன். நீ எடுக்கல.

— போன் அலமாரியில பூட்டிக் கிடந்துச்சு. குளியல் வீட்டுக்குள்ள போனைக் கொண்டு போக முடியுமா?

— அப்புறந்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

— கத்தியைக் கயித்துல வச்சேன்னியே. அப்புறம் ஏன் எடுத்தே? அதைச் சொல்லு. யூ-ரிக்கு நான் அதைத்தான் சொல்லணும்.

— ஒலிபெருக்கியில கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. பஸ்ஸும் வந்துருச்சு, பாரு. சிவப்புச் சால்வை. நம்ம யூ-ரிதான் மேட்டுல ஏறி வர்றா.

— வரட்டும். ஏன் எடுத்தே?

— அவ வர்றதுக்குள்ள இதை வேணாம்னு விட்டுரேன் தாயி. ஒம்பதரைன்னு நான் ஏன் சொன்னேன்னு நெனக்கிற? என்னைக் காப்பாத்திக்கவா? ஒரு வருசமா நான் ஒரு வேளை சோறு ஒழுங்காத் தின்னதில்ல. நாளைக்கே என்னை உள்ள போடட்டும், எனக்கு அது விடுதலை.

— நாடகம் போதும். ஏன் எடுத்தே?

— கேட்டுட்டு அறுக்கணும்ல. அதான் கேட்டேன்.

— யாரைக் கேட்டே?

— உன்னை.

— என்னையா? என்கிட்ட நீ சொன்னது துவான் விழுந்துட்டான்னு! என் புருசன் தண்ணியில கிடக்குறார், நீ என் காதுல பொய் சொல்லிக்கிட்டிருக்கே!

— துவான்னு நான் பேரு சொன்னேனா?

— சொன்னே.

— நல்லா நெனச்சுப் பாரு தாயி. துவான் என் பக்கத்துலதான் நின்னான், அவனும் கேட்டான். கூட்டத்துல அவன் சொல்றதுக்கு முன்ன நீயே நெனச்சுப் பாரு. "ஆள் தண்ணியில விழுந்துட்டான், வலையை அறுக்கவா"ன்னுதான் கேட்டேன்.

— துவான்... புதுசா வந்தவன் அவன்தானே, அவன்தான் விழுந்திருப்பான்னு...

— "அறுக்காதே, இழுத்து முடி. அவன் போனா இன்னொருத்தன் வருவான்"னுட்டுப் போனை வச்சுட்டே. யாருன்னு நீ கேக்கல.